ஒரு களப் பயிற்சியாளரின் சாதனைப் பட்டியலை எப்படிப் படிப்பது?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று எறிதல், தாண்டுதல் போட்டிகளுக்குப் புதிய பயிற்சியாளரை நியமித்தாலும் சரி, நெடுநாள் பணியாற்றியவர் ஓய்வு பெற்றாலும் சரி, வெளிவரும் அறிவிப்பு ஏறக்குறைய ஒரே அச்சில்தான் இருக்கும். இத்தனை ஆல் அமெரிக்கன்கள் (தேசியப் போட்டியில் பெறும் இடத்துக்கான விருது), இத்தனை கான்ஃபரன்ஸ் (பல்கலைக்கழகங்களின் போட்டிக் கூட்டமைப்பு) சாம்பியன்கள், இத்தனை பல்கலைக்கழகச் சாதனைகள் என்று எண்கள் வரிசைகட்டும். அமெரிக்கக் கல்லூரிகளில் பயின்ற இந்தியத் தடகள வீரர்கள் தேஜஸ்வின் சங்கர், விகாஸ் கவுடா போன்றோரைத் தொடர்ந்து கவனித்தவர்களுக்கு இந்தச் சொற்கள் பழக்கமானவை. ஆனால் அவை எதை அளக்கின்றன என்பது தெளிவாக இருக்காது. 2025இல் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் விதிகளும் மாறிவிட்டதால் குழப்பம் கூடியிருக்கிறது.

இந்தப் பட்டியல்கள் ஒரு பயிற்சியாளர் யாரைச் சேர்த்தார் என்பதை நன்றாகவே சொல்கின்றன. சேர்த்தவரை அவர் என்ன ஆக்கினார் என்பதை அரைகுறையாகத்தான் சொல்கின்றன. இரண்டையும் பிரித்தறிய அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

## போட்டி அமைப்பும் புள்ளிக் கணக்கும்

கல்லூரி விளையாட்டை நடத்தும் முதன்மை அமைப்பு என்.சி.ஏ.ஏ. அதில் மூன்று பிரிவுகள். முதல் பிரிவில் பெரிய பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. இரண்டாம் பிரிவில் உதவித்தொகை குறைவு. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. தடகளத்துக்கு ஆண்டில் இரண்டு பருவங்கள்: மார்ச் நடுப்பகுதி வரை உள்ளரங்கம், அதன்பின் ஜூன் வரை வெளியரங்கம்.

வெளியரங்க தேசியப் போட்டியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தலா 21 போட்டிகள். அவற்றில் எட்டு களப்போட்டிகள்: குண்டு, வட்டு, ஈட்டி, சங்கிலிக் குண்டு ஆகிய நான்கு எறிதல்கள், நீளம், உயரம், மும்முறை, கோலூன்றி ஆகிய நான்கு தாண்டுதல்கள். டெகத்லானின் பத்துப் போட்டிகளில் ஆறும், ஹெப்டத்லானின் ஏழில் நான்கும் இதே வகையைச் சேர்ந்தவை. அணிப் புள்ளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் களத்தில்தான் கிடக்கிறது.

ஓட்டத்துக்குப் பெயர்போன அணிகளும் இதை அறிந்தே இருந்தன. ஆர்கன்சா பல்கலைக்கழகம் 1984 முதல் 1995 வரை தொடர்ச்சியாக 12 உள்ளரங்கப் பட்டங்களை வென்றது. அதன் தலைமைப் பயிற்சியாளர் ஜான் மெக்டோனலை நெடுந்தூர ஓட்டத்தின் மேதையாகவே உலகம் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் 1992 ஒலிம்பிக்கில் மும்முறை தாண்டுதலில் தங்கம் வென்ற மைக் கான்லி வந்ததும் அங்கிருந்துதான். அங்கே தாண்டுதல் பிரிவைக் கட்டியவர் டிக் பூத் என்ற உதவிப் பயிற்சியாளர். தலைப்புச் செய்தியில் உதவிப் பயிற்சியாளர் பெயர் வருவது அரிது.

முதல் பிரிவில் தேசியப் போட்டிக்குப் போகும் வழி இதுதான்:

1. நாடு கிழக்கு, மேற்கு என இரு மண்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. பருவத் தரவரிசைப்படி, டெகத்லான், ஹெப்டத்லான் தவிர ஒவ்வொரு தனிநபர் போட்டிக்கும் மண்டலத்துக்கு 48 பேர் தகுதி பெறுகிறார்கள்.
2. மண்டலத்தில் முதல் 12 இடம் பிடிப்பவர்கள் தேசியப் போட்டிக்குப் போகிறார்கள். மொத்தம் 24 பேர்.
3. அங்கே முதல் எட்டு இடங்களுக்கு 10, 8, 6, 5, 4, 3, 2, 1 என்று புள்ளிகள்.

இரண்டாம் படிதான் கொடுமையானது. மண்டலச் சுற்றில் எறிதலுக்கும் நீளம், மும்முறை தாண்டுதல்களுக்கும் மூன்றே வாய்ப்புகள். மூன்றும் ஃபவுல் ஆனால் ஓராண்டு உழைப்பு அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதனால் கல்லூரிப் பயிற்சியாளர் ஒரே ஒரு பெரிய தாண்டலை எதிர்பார்த்துக் காத்திருக்க முடியாது. மூன்றில் ஒன்றாவது செல்லும் என்ற உறுதியை மாணவருக்குள் கட்டியாக வேண்டும்.

## எறிதலும் தாண்டுதலும் ஒருவரிடம் ஏன்?

பெரிய பல்கலைக்கழகங்களில் இரண்டுக்கும் தனித்தனிப் பயிற்சியாளர்கள் இருப்பார்கள். சிறிய கல்லூரிகளில் இரண்டும் ஒருவர் தலையில் விழும். பணம் ஒரு காரணம். அதைத் தாண்டி உடலியல் காரணமும் இருக்கிறது.

நீளம் தாண்டுபவரின் கால், தாண்டுமுன் மிதிக்கும் பலகையைத் தொட்டு விலகும் நேரம் ஏறத்தாழ 0.12 வினாடி. குண்டு எறிபவர் இறுதி உந்தலைக் கொடுக்கும் நேரமும் கால் வினாடிக்குள் அடங்கிவிடும். இருவருக்கும் தேவைப்படுவது குறுகிய நேரத்தில் பெரும் விசை. ஆகவே எடைக்கூடத்தில் இருவரும் செய்யும் பயிற்சிகள் பெருமளவு ஒன்றே: கிளீன், ஸ்நாட்ச் போன்ற ஒலிம்பிக் பளுதூக்கும் முறைகள், ஸ்குவாட், துள்ளல் பயிற்சிகள். பருவத் தொடக்கத்தில் நடத்தும் சோதனைகளும் பொதுவானவை: நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல், மூன்று தொடர் துள்ளல், 30 மீட்டர் ஓட்டம், குண்டைத் தலைக்கு மேலாகப் பின்புறம் வீசுதல். கடைசியாகச் சொன்ன சோதனையில் நல்ல உயரம் தாண்டும் வீரர், தன்னைவிடப் பல கிலோ கனமான எறிபவரை முந்துவதுண்டு. அதைப் பார்த்து அசராதவர்கள் பயிற்சியாளர்கள் மட்டும்தான்.

ஒற்றுமை அதோடு சரி. நுட்பத்துக்குள் நுழைந்தால் இரண்டும் வேறு உலகங்கள்.

## ஓடுபாதையில் ஒரு சென்டிமீட்டர்

நீளம் தாண்டுதலில் பார்வையாளர் கண் மணற்குழியில் இருக்கும். பயிற்சியாளர் கண் பெரும்பாலும் ஓடுபாதையில். தாண்டும் தூரத்தைத் தீர்மானிப்பதில் முதலிடம் வேகத்துக்கே. புறப்படும் கோணம் பாடப்புத்தகம் சொல்லும் 45 டிகிரிக்கு அருகில்கூட வராது. 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். 45 டிகிரியில் எழும்ப வேண்டுமானால் ஓடிவந்த வேகத்தில் பெரும்பகுதியைப் பலி கொடுக்க வேண்டும்.

இங்கேதான் சிக்கல். பலகையின் அகலம் 20 சென்டிமீட்டர். வீரர் 20 அடியெடுத்து ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் அடியும் ஒரே ஒரு சென்டிமீட்டர் நீண்டால், கடைசி அடி பலகையின் முழு அகலத்தைக் கடந்து ஃபவுல் ஆகும். உற்சாகம் கூடினால் அடி நீளும். எதிர்க்காற்று அடித்தால் குறுகும். பயிற்சி கூடக் கூட வேகம் ஏறும். செப்டம்பரில் அளந்த தூரம் ஏப்ரலில் பொருந்தாது.

அதனால் பயிற்சியாளர் பலகையருகே நிற்பதில்லை. பலகைக்கு நான்கு அல்லது ஆறு காலடிகள் முன்னால், பாதையோரம் நின்று, அந்த இடத்தில் கால் எங்கே விழுகிறது என்று பார்த்து சுண்ணக்கட்டியால் கோடு போடுகிறார். அந்தக் கோட்டில் பிழை இல்லாமல் பலகையில் பிழை வந்தால், வீரர் கடைசி அடிகளில் எட்டிப் பிடிக்கிறார் என்று பொருள். கோட்டிலேயே பிழை என்றால் தொடக்கத்தில் கோளாறு. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. தொடக்கக் குறியைப் பின்னால் தள்ளு என்று மட்டும் சொல்பவர் இரண்டாம் நோய்க்கான மருந்தை முதல் நோய்க்கும் கொடுத்துக்கொண்டிருப்பார்.

இந்த அறிவியல் கண்ணோட்டத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு டாம் டெல்லஸ். இயக்க இயற்பியலைக் கற்றுத் தேர்ந்த அவர் 1976இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே சேர்ந்த கார்ல் லூயிஸ், கல்லூரிக் காலம் முடிந்த பின்னும் அவரிடமே தங்கி, 1984, 1988, 1992, 1996 என நான்கு ஒலிம்பிக்குகளில் நீளம் தாண்டுதல் தங்கத்தை வென்றார்.

## முதலாண்டில் எறிதூரம் ஏன் குறைகிறது?

எறிதல் பயிற்சியாளரின் பட்டியலைப் படிக்கும்போது அடிக்கடி தவறவிடப்படும் செய்தி ஒன்று உண்டு. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர் எறியும் குண்டு 12 பவுண்டு, அதாவது 5.44 கிலோ. கல்லூரிக்கு வந்ததும் அது 7.26 கிலோ ஆகிறது. ஒரே கோடை விடுமுறையில் மூன்றில் ஒரு பங்கு எடை கூடுகிறது. வட்டு 1.6 கிலோவிலிருந்து 2 கிலோ ஆகிறது. பள்ளியில் மாநிலச் சாம்பியனாக இருந்தவர் முதலாண்டில் காணாமல் போவது இதனால்தான். மாணவிகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பள்ளியிலும் கல்லூரியிலும் குண்டு 4 கிலோ, வட்டு 1 கிலோ.

சங்கிலிக் குண்டு எறிதல் இன்னும் வேறு கதை. அமெரிக்காவில் மிகச் சில மாநிலங்களின் பள்ளிகளில்தான் அது நடக்கிறது. ரோட் தீவு அவற்றுள் புகழ்பெற்றது. மற்ற மாநிலங்களிலிருந்து வருபவர்கள் பதினெட்டு வயதில்தான் அந்தக் கம்பியை முதன்முதலாகப் பிடிக்கிறார்கள். உள்ளரங்கப் பருவத்தில் அதற்குப் பதிலாக எடை எறிதல் நடக்கும்: ஆண்களுக்கு 35 பவுண்டு, பெண்களுக்கு 20 பவுண்டு. ஒலிம்பிக்கில் இல்லாத போட்டி. ஆனாலும் வட்டத்துக்குள் சுழலும் அடிப்படையை அது கற்றுக்கொடுத்துவிடும். சுழலும்போது எறிபவரை வெளியே இழுக்கும் விசை சாதாரணமானதல்ல. 80 மீட்டர் எறிபவர் விடுவிக்கும் கணத்தில் கம்பியில் ஏறத்தாழ 300 கிலோ எடைக்கு நிகரான இழுப்பு இருக்கும். அதைத் தாங்கும் முதுகும் இடுப்பும் ஓராண்டில் உருவாகிவிடாது.

குண்டு எறிதலில் முறையைத் தேர்ந்தெடுக்கும் முடிவும் இருக்கிறது. 1950களில் தென் கலிஃபோர்னியாவின் பாரி ஓபிரையன் பரப்பிய சறுக்கு முறை ஒன்று. இன்று உச்சத்தில் ஆளும் சுழல் முறை மற்றொன்று. பள்ளியில் சறுக்கியவரைச் சுழலச் சொன்னால் ஓராண்டாவது தூரம் குறையும். உதவித்தொகையைத் தக்கவைக்கும் கவலையில் இருக்கும் மாணவரிடம் அதைச் சொல்லப் பயிற்சியாளருக்குத் துணிச்சல் வேண்டும். அதைப் பொறுத்துக்கொள்ளும் தலைமைப் பயிற்சியாளரும் வாய்க்க வேண்டும்.

நேரமோ குறைவு. என்.சி.ஏ.ஏ. விதிப்படி பருவக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம், நாளொன்றுக்கு 4 மணி நேரம்தான் பயிற்சி. வாரத்தில் ஒருநாள் கட்டாய ஓய்வு. எடைக்கூடமும் இதற்குள் அடக்கம். 12 பேர் கொண்ட எறிதல் குழு, ஒரே வட்டம், இரண்டு மணி நேரம், ஆளுக்கு 20 எறிதல் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 240 எறிதல்கள், அரை நிமிடத்துக்கு ஒன்று. அந்த அரை நிமிடத்துக்குள் பயிற்சியாளர் பார்த்து, பிழைகளில் முக்கியமான ஒன்றை மட்டும் தேர்ந்து, மாணவருக்கு விளங்கும்படி ஒரே வரியில் சொல்ல வேண்டும். ஐந்து பிழைகளையும் அடுக்குபவரிடம் யாரும் தேறுவதில்லை.

## விலகி நிற்கத் தெரிவதும் தொழில்தான்

1960களில் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு உயரம் தாண்டும் மாணவர் ஒருவர் வந்தார். முதுகைக் கீழே போட்டுக் குறுக்குக் கம்பியைத் தாண்டும் விசித்திரப் பழக்கம் அவருக்கு. பயிற்சியாளர் பெர்னி வாக்னர் முதலில் பழைய முறையைக் கற்றுத்தரவே முயன்றார். மாணவர் தன் முறையிலேயே உயரம் ஏற்றிக்கொண்டு போனதும், வாக்னர் முயற்சியைக் கைவிட்டு அந்த முறையை ஆராயத் தொடங்கினார். டிக் ஃபாஸ்பரி 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். இன்று உலகமே அவர் முறையில் தாண்டுகிறது. வாக்னர் இதைக் கண்டுபிடிக்கவில்லை. தடுத்துக் கெடுக்கவுமில்லை. எந்தச் சாதனைப் பட்டியலிலும் இதற்கான கட்டம் கிடையாது.

## பட்டியலைப் படிக்கும் முறை

1. ஆல் அமெரிக்கன் என்பது தங்கப்பதக்கம் அல்ல. தேசிய வெளியரங்கப் போட்டியில் முதல் எட்டு இடங்கள் முதல் அணி, 9 முதல் 16 வரை இரண்டாம் அணி, 17 முதல் 24 வரை சிறப்புக் குறிப்பு. மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாகப் போடும் அறிவிப்புகள் உண்டு. ஒரே மாணவர் இரண்டு பருவம், நான்கு ஆண்டு என்று பலமுறை எண்ணப்படுவதும் உண்டு. எத்தனை விருதுகள் என்பதும் எத்தனை பேர் என்பதும் வேறு கேள்விகள்.

2. கான்ஃபரன்ஸ் பட்டத்தின் எடை கான்ஃபரன்ஸைப் பொறுத்தது. தென்கிழக்குக் கான்ஃபரன்ஸில் நான்காம் இடம் பிடித்தவர் வேறு சில கான்ஃபரன்ஸ்களில் எளிதாகச் சாம்பியன் ஆவார்.

3. தூரத்தைப் பார்க்கும்போது இடத்தையும் காற்றையும் பாருங்கள். நீளம், மும்முறை தாண்டுதல்களில் பின்காற்று வினாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனையாக ஏற்கமாட்டார்கள். கான்லி பார்சிலோனாவில் தாண்டிய 18.17 மீட்டருக்குத் தங்கம் கிடைத்தது; உலகச் சாதனை கிடைக்கவில்லை. காற்று 2.1. வட்டு எறிதலுக்கோ காற்று வரம்பே இல்லை. அதனால்தான் ஒக்லஹோமாவின் ரமோனா என்ற காற்றடிக்கும் சிற்றூருக்கு உலகின் சிறந்த வட்டு எறிபவர்கள் போகிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் வளர்ந்த லிதுவேனிய வீரர் மிகோலாஸ் அலெக்னா அங்கே 2024இல் 74.35, 2025இல் 75.56 மீட்டர் எறிந்து உலகச் சாதனை படைத்தார். பாரிஸ் ஒலிம்பிக் அரங்கில் அவர் எறிந்தது 69.97, வெள்ளி.

4. வந்தபோது எவ்வளவு, போனபோது எவ்வளவு? இதுவே எனக்கு முதன்மையான கேள்வி. 7.60 மீட்டர் தாண்டும் மாணவரைச் சேர்த்து 7.75இல் அனுப்புகிறார் ஒருவர். 6.90 தாண்டுபவரை 7.60க்குக் கொண்டுவருகிறார் மற்றொருவர். விருதுகள் முதலாமவர் பட்டியலில் குவியும். ஆனால் இதிலும் எச்சரிக்கை வேண்டும்: பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயதுக்குள் உடல் தானாகவே வளரும். ஒருவர் முன்னேறினாரா என்பதைவிட, குழுவில் பெரும்பாலோர் முன்னேறினார்களா, காயமில்லாமல் நான்காண்டு நின்றார்களா என்பதே பயிற்சியைக் காட்டும்.

5. பெருமையில் யார் பங்கு எவ்வளவு? அலெக்னாவின் தந்தை விர்ஜிலியஸ் 2000, 2004 ஒலிம்பிக் வட்டு எறிதல் சாம்பியன். மகனின் தூரத்தில் குடும்பத்துக்கும் பங்கு இருக்கும் என்று வாதிடலாம். ஆனால் அதே பயிற்சியாளர் மோ சாட்டாராவிடம் கனடாவின் கேம்ரின் ரோஜர்ஸும் சங்கிலிக் குண்டு பயின்றார். மூன்று முறை கல்லூரிச் சாம்பியன், 2024 ஒலிம்பிக் சாம்பியன். வேறு போட்டி, வேறு பின்னணி, ஒரே பயிற்சியாளர். இப்படி இரண்டாவது, மூன்றாவது பெயர் வரும்போதுதான் கணக்கு நம்பகமாகிறது.

கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நெடுநாள் பயிற்சியாளராக இருந்த கிளிஃப் ரோவெல்டோவையும் இந்தக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். அவரிடம் பயின்ற எரிக் கைனார்டு 2012 லண்டனில் உயரம் தாண்டுதலில் வெள்ளி வென்றார். ஊக்கமருந்து விவகாரத்தில் ரஷ்ய வீரரின் பட்டம் பறிபோக, பல ஆண்டுகள் கழித்துத் தங்கம் அவருக்கு வந்தது. டெல்லியிலிருந்து அங்கு போன தேஜஸ்வின் சங்கர் 2018, 2022 என இருமுறை கல்லூரிச் சாம்பியன் ஆனார். அதே தேஜஸ்வின் பிறகு டெகத்லானுக்கு மாறி, 2023 ஆசிய விளையாட்டில் 7666 புள்ளிகளுடன் வெள்ளி வென்றார். ரோவெல்டோ உயரம் தாண்டுதலோடு பலபோட்டிப் பயிற்சியிலும் பெயர்பெற்றவர் என்பதை அறிந்தால் அந்த மாற்றம் வியப்பாகத் தெரியாது.

## 2025இல் மாறியது என்ன?

கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது தொடர்பான, ஹவுஸ் வழக்கு என்று அழைக்கப்படும் வழக்கில் எட்டப்பட்ட உடன்பாட்டுக்கு 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்தார். தலைப்புச் செய்தியானது பணப்பங்கீடு: முதலாண்டில் ஒரு பல்கலைக்கழகம் ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை தன் வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கலாம். அதில் பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும்தான் போகும். களப்போட்டிகளைத் தொட்டது வேறொரு விதி.

முன்பு முதல் பிரிவில் தடகளத்துக்கு ஆண்களில் 12.6, பெண்களில் 18 முழு உதவித்தொகைகள் என்பதே வரம்பு. அதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பலருக்குக் கொடுப்பார்கள். அணியில் எத்தனை பேர் என்பதற்கு வரம்பு கிடையாது. இப்போது உடன்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு உதவித்தொகை வரம்பு நீங்கிவிட்டது. அதற்குப் பதில் அணியில் 45 பேர்தான் என்ற வரம்பு வந்திருக்கிறது. ஏற்கெனவே இருந்த மாணவர்களில் சிலருக்கு விலக்கு உண்டு. ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட ஐவி லீக் கான்ஃபரன்ஸ் போன்றவை உடன்பாட்டில் சேரவில்லை.

விளைவுகளை வரிசையாகப் பார்க்கலாம்.

1. உதவித்தொகை இல்லாமல் தானாக வந்து சேரும் மாணவர்களுக்கு இடம் சுருங்குகிறது. எறிதலில் இவர்கள் முக்கியமானவர்கள். சங்கிலிக் குண்டைப் பதினெட்டு வயதில் பிடிப்பவர் திறமையைக் காட்ட இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். 45இல் ஓர் இடத்தை அவருக்காகக் காத்து வைப்பது இப்போது ஆடம்பரம்.

2. கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் இணையப் பட்டியலான டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018இல் தொடங்கியது. 2024 முதல் படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறி உடனே விளையாடலாம். வளர்த்தெடுப்பதைவிட, வளர்ந்தவரை அழைத்து வருவது விரைவான வழியாகிவிட்டது.

3. வெளிநாட்டு மாணவர்களுக்குக் கவர்ச்சி கூடுகிறது. பத்தொன்பது, இருபது வயதில் சர்வதேச இளையோர் போட்டிகளைப் பார்த்துவிட்டு வருபவர் முதலாண்டிலேயே புள்ளி எடுப்பார். முழு உதவித்தொகையைத் தருவதற்குத் தடையும் இல்லை. இந்திய வீரர்களுக்கு இது கதவைத் திறக்கலாம். ஆனால் முதல் நாளிலிருந்தே முடிவு காட்ட வேண்டிய கதவு அது.

4. பயிற்சியாளர் வேலையே உருமாறுகிறது. தொழிலில் நுழையும் பழைய வழியான தன்னார்வப் பயிற்சியாளர் பதவியை என்.சி.ஏ.ஏ. 2023இல் நீக்கிவிட்டது. பணியில் இருப்பவர் வட்டத்தருகே செலவிட்ட மணிநேரங்களில் ஒரு பகுதி, போர்ட்டலில் பெயர்களைத் தேடுவதற்கும் தொலைபேசிக்கும் போகிறது.

பொறுமையாக வளர்க்கும் வேலை அழிந்துவிடாது. இடம் மாறும். அணி வரம்பு எட்டாத இரண்டாம், மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளில், எறிதலும் தாண்டுதலும் ஒரே ஆள் பார்க்கும் இடங்களில், அது தொடரும். 14 மீட்டர் குண்டு எறிந்து வந்த மாணவர் அங்கே இரண்டாண்டில் 18 மீட்டரைத் தொட்டால், மூன்றாம் ஆண்டில் பெரிய பல்கலைக்கழகத்தின் சட்டையில் இருப்பார். நான்காம் ஆண்டில் அவர் ஆல் அமெரிக்கன் ஆனால் அந்த எண் புதிய பயிற்சியாளரின் அறிவிப்பில் ஏறும். முதல் நான்கு மீட்டரைக் கூட்டிக் கொடுத்தவர் யார் என்று அறிய, அந்த மாணவரின் பழைய கல்லூரிப் பக்கத்தில் முதலிரண்டு ஆண்டுகளின் தூரங்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.